ஒற்றைப் பிரதியும் ஒரு பெருமையா?

தமிழிலே எழுதுவது எப்படி என்று பேசுவதற்கு நம்மிடையே ஆட்களுக்குக் குறைவில்லை. எழுதியதைக் காப்பது எப்படி என்று பேசுவோரைத்தான் காணோம். இலக்கியக் கூட்டங்களிலே இப்பொருளை நான் எடுத்தபோதெல்லாம், "அது கணினி திருத்துபவர்களின் வேலையல்லவா?" என்று ஒரு புன்னகையோடு ஒதுக்கிவிட்டனர். உருவம், உள்ளடக்கம், மண்வாசனை ஆகியன பற்றி இரவு பத்து மணிவரை வாதாடிவிட்டு வீடு திரும்பும் எழுத்தாளர், தமது இருபதாண்டு உழைப்பு முழுவதும் மேசைமேல் இருக்கும் ஒரே கணினியிலே, அதற்குள்ளும் ஒரே வன்தட்டிலே கிடக்கின்றதென்பதை ஒரு கணமும் நினைப்பதில்லை. அவ்வன்தட்டு ஒருநாள் சுழல மறுக்கும். மறுக்குமா மறுக்காதா என்பது கேள்வியன்று. என்றைக்கு என்பதே கேள்வி. இதுவும் இலக்கியப் பிரச்சினையே, அதுவும் முதன்மையான இலக்கியப் பிரச்சினை என்பது என் கட்சி.

ஆண்டுதோறும் மே மாத முடிவிலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைந்து இரங்குகின்றோம். 1981 மே 31 இரவும் அதனையடுத்த யூன் முதல் நாளிலும் மூண்ட தீயிலே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அந்நாட்களிலேயே அந்நகரின் நாளேடான ஈழநாட்டின் அலுவலகமும் கொளுத்தப்பட்டது. இவற்றைச் செய்தவர்களின் பழி என்றும் மாறாது. அதனை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் இரங்கல் உரைகளைக் கேட்டுக்கொண்டிருக்கையில் எனக்கு வேறொரு கேள்வி எழுவதுண்டு. எரிந்தவற்றுள் இன்று நமக்குக் கிடைக்காதவை எவை? அச்சான நூல்களிற் பெரும்பாலானவற்றுக்கு வேறிடங்களில் வேறு பிரதிகள் இருந்தன. பணம் கொடுத்தோ இரந்தோ மீண்டும் பெறலாம். மீளாதன, அங்கே மட்டும் இருந்தவை. ஓலைகள், கையெழுத்துச் சுவடிகள், வீட்டார் கொண்டுவந்து ஒப்படைத்த தனித்தொகுப்புகள். தீக்கு எல்லா ஏடும் ஒன்றுதான். இழப்பின் அளவை நிர்ணயித்தது, தீ வருமுன்னரே எவை படியெடுக்கப்பட்டிருந்தன, எவை எடுக்கப்படவில்லை என்னும் வேறுபாடு.

இதற்கு ஓர் உதாரணம் நம் கண்முன்னே உண்டு. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை அத்தீயோடு உலகத்தை விட்டே போய்விட்டதென மேடைகளிலும் வெளிநாட்டு ஏடுகளிலும் சொல்லக் கேட்கின்றோம். உணர்ச்சிக்கு அது பொருந்தும், உண்மைக்குப் பொருந்தாது. பிறிற்றோ என்பார் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879 இலேயே அச்சேறிவிட்டது. தமிழ் மூலமும் பின்னர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிப்பிக்கப்பட்டது. அந்நூலை இன்றும் நாம் படிக்கின்றோம். அதன் சரிபிழை பற்றிச் சண்டையிடவும் செய்கின்றோம். ஓர் ஓலைக்கட்டு எரிந்தது என்பது வேறு, ஒரு நூல் எரிந்தது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர், நூலைக் காப்பாற்றியவர்களின் உழைப்பை அறியாமலே மறைத்துவிடுகின்றனர்.

நம் முன்னோர் படியெடுத்தலைத் தாழ்ந்த வேலையாகக் கருதவில்லை. பனையோலை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. பூச்சிக்கும் அது உணவு. ஆகவே தலைமுறை தோறும் யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்துப் பழைய ஓலையைப் புதிய ஓலையில் எழுதியிருக்கின்றார். ஏட்டின் கடைசியிலே எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் பொறித்துவிட்டுப் போயிருக்கின்றார். அவர் கவிஞர் அல்லர், உரைகாரரும் அல்லர். ஆனால் அவர் இல்லையேற் கவிஞரும் இல்லை, உரைகாரரும் இல்லை. இந்நாட்டிலேயே, மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலே, கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு உண்டு. பஞ்சமும் போரும் வந்து, வாய்மொழியாகக் காத்த துறவிகள் மடிய நேர்ந்தபோது, ஒரே வகையான காப்பு போதாதென அவர்கள் உணர்ந்தனர். நினைவு ஒருவகைக் காப்பு. ஏடு இன்னொருவகைக் காப்பு. இன்றைய கணினி அறிஞர் கூறும் விதியொன்றை அத்துறவிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர் என்றால் மிகையாகாது. அவ்விதிக்குப் பின்னர் வருகின்றேன்.

படி எடுத்தும் இழந்த கதை நம் சங்க நூல்களிலேயே இருக்கின்றது. பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் இறுதிப் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு சுவடியிலே அவை இல்லாதிருந்தால் வேறொரு சுவடியிற் பெற்றிருக்கலாம். கிடைத்த சுவடி எதிலும் இல்லை. ஒரு கட்டிலே முதலில் நைவன வெளியே இருக்கும் முன்னேடுகளும் பின்னேடுகளுமே என்பதைச் சுவடி கையாண்டோர் அறிவர். ஆகவே, முன்னும் பின்னும் இதழிழந்த ஒரே கட்டின் வழிவந்தவையே நம் படிகள் யாவும் என்று கருத இடமுண்டு. பழுதான மூலத்தைப் பத்துப் பேர் படியெடுத்தாலும் கிடைப்பன பழுதான பத்துப் படிகளே! பரிபாடலின் நிலையும் சிந்திக்கத் தக்கது. இறையனார் களவியலுரை பரிபாடல் எழுபது என்று கணக்குச் சொல்கின்றது. நம் கைக்கு முழுமையாக வந்தவை இருபத்திரண்டு. இழந்தது எவ்வளவு என்பதையாவது நாம் அறிவது, நூலுக்கு வெளியே வேறோரிடத்தில் அதன் எண்ணிக்கை எழுதப்பட்டிருந்தமையால் அன்றோ! தம் கோப்புகளின் பட்டியலொன்றைத் தனியே எழுதி வைத்திருக்கும் எழுத்தாளர் எத்தனை பேர்? பட்டியல் இல்லாதவருக்கு எது போயிற்று என்பதே தெரியாது போகும்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஏடுகள் தொட்ட கையிலே துகளாகும் நிலையை அவர் தமது கலித்தொகைப் பதிப்புரையிலே விவரிக்கும் பகுதியை எம் மாணவர் பலர் மனப்பாடமாகவே அறிவர். அதனை உரைநடைச் சிறப்புக்கு உதாரணமாக வகுப்பிலே படிக்கின்றோம். அதிலுள்ள அவசரத்தை நாம் படிப்பதில்லை. நீதித்துறையிற் பதவி வகித்த ஒருவர், தம் பொருளைச் செலவழித்து, ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தது பதிப்பாசிரியர் என்ற பட்டத்துக்காகவா? பிரதி ஒன்றாய் இருப்பது அவருக்கு உறக்கத்தைக் கெடுத்தது.

இனி, பிறநாட்டுக் கதையொன்று. அமெரிக்க எழுத்தாளர் ஏர்ணஸ்ட் ஹெமிங்வே 1922 இன் கடைசியில் பத்திரிகைப் பணியின் பொருட்டு லோசானில் இருந்தார். அவருடைய மனைவி அவரிடம் செல்வதற்காகப் பாரிஸிலே ரயிலேறினார். கணவர் மகிழ்வார் என்று அதுவரை அவர் எழுதியிருந்த கதைகளை ஒரு பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார். நிலையத்திலே அப்பெட்டி களவு போயிற்று. இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இத்துடன் நிறுத்தி அனுதாபப்படுவர். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஹெமிங்வே படி எடுக்காத மனிதர் அல்லர். கரித்தாள் வைத்துத் தட்டச்சுப் பிரதிகள் எடுத்திருந்தார். அந்தப் பிரதிகளும் அதே பெட்டியில் இருந்தன! மூலமும் படியும் ஒரே கள்வனின் கையிற் போய்ச் சேர்ந்தன. தப்பிய மிகச் சில கதைகளுள் ஒன்று, ஒரு பத்திரிகாசிரியருக்குத் தபாலில் அனுப்பப்பட்டிருந்தமையால் தப்பியது. அதாவது, பிழைத்தது வீட்டுக்கு வெளியே இருந்த பிரதி.

நம் எழுத்தாளரும் மாணவரும் செய்வது இதனையே. ஆய்வேட்டின் படியைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதனைக் கணினி வைக்கும் பையின் சிறு அறையிலேயே போட்டு வைக்கின்றனர். பஸ்ஸிலே பை தொலைந்தால் இரண்டும் தொலையும். கூரை ஒழுகினால் இரண்டும் நனையும். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே வீடுகளை விட்டு நடந்தபோது எத்தனை அலுமாரிகளில் எத்தனை கையெழுத்துப் பிரதிகள் விடப்பட்டன என்று யார் கணக்கெடுத்தார்? 2004 டிசெம்பரிலே கடல் வந்தபோது கிழக்குக் கரையில் என்னென்ன போயின? இவற்றைக் கண்ட சமூகம் நாம். இச்சமூகத்தில் ஒருவர் "எனக்கு ஒன்றும் நேராது" என்று சொல்வாராயின் அவரைத் துணிவுடையவர் என்று நான் கூறமாட்டேன்.

"அரசாங்கங்களும் பெரிய நிறுவனங்களும் காப்பாற்றித் தரும், எல்லாம் இப்போது மேகத்தில் இருக்கின்றன" என்பார் உளர். மேகம் என்பது வேறொருவருடைய கட்டடத்தில் இருக்கும் வேறொருவருடைய கணினி. 2023 ஓகஸ்ட் மாதத்தில், பணயத்தொகை கேட்கும் நச்சுநிரல் ஒன்று இந்நாட்டு அரசின் மேகக் கணினிகளுட் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. காரணம் எளியது: அக்காலத்துக்குரிய, வலையமைப்போடு தொடர்பறுத்து வைத்த தனிப்பிரதி இருக்கவில்லை. நாம் ஏழை நாடு, அதனால் இப்படி என்று ஆறுதலடையவும் வழியில்லை. தொழில்நுட்பத்திலே உலகம் வியக்கும் தென்கொரியாவில், 2025 செப்ரெம்பர் 26 அன்று டேஜியோன் நகரத்து அரச தரவு நிலையத்தில் மின்கலங்களிலிருந்து தீப்பற்றியது. அரச ஊழியர் தம் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஒரு சேமிப்பகம், 858 டெராபைட் அளவினது, முற்றாக அழிந்தது. அவ்வளவு பெரியதற்கு வெளியே படி வைப்பது கடினம் என்பதனாற் படியே வைக்கவில்லையாம். பெரிதாய் இருப்பது படி வைக்காமைக்குக் காரணமாவது விந்தையிலும் விந்தை!

மேலே குறித்த விதிக்கு இப்போது வருகின்றேன். பீற்றர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தம் தொழிலாளருக்காக எழுதிய நூலிலே வகுத்துப் பிரசித்தமான விதி அது. எந்தக் கோப்புக்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவேறு வகையான சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். இவ்வளவுதான். கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று. இதைச் செய்ய விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு மேசைக் கலண்டரும் சனிக்கிழமை தோறும் கால் மணி நேரமும் போதும். தனி வன்தட்டைப் படியெடுக்கும் நேரத்தில் மட்டும் கணினியோடு இணைத்து, முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். எப்போதும் செருகியிருந்தால் கணினிக்கு வரும் நோய் அதற்கும் வரும். மேற்சொன்ன நச்சுநிரல்கள் அத்தகையன.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். கைத்தொலைபேசியிலும் கணினியிலும் ஒரே கோப்பு தானாக ஒத்து ஓடும் வசதியைப் பலர் காப்பு என்று நம்புகின்றனர். அது கண்ணாடி போன்றது. இங்கே ஓர் அத்தியாயத்தை அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கோப்பு கெட்டால் அங்கேயும் கெடும். உடனே கண்டுகொண்டால் அவ்வசதியின் பழைய பதிப்பிலிருந்து மீட்கலாம். சில வாரங்கள் கழிந்தபின் பெரும்பாலும் இயலாது. காப்புப் படி என்பது நேற்றைய நிலையை நேற்றைய நிலையாகவே வைத்திருப்பது. கோப்பின் பெயரோடு திகதியையும் சேர்த்து எழுதினால் மூன்றாம் வரைவிலிருந்து முதலாம் வரைவுக்குத் திரும்பலாம். வரைவுகளை ஒப்பிட்டு ஆராயும் பிற்காலத்து மாணவனும் நன்றி சொல்வான்.

படி எடுத்துவிட்டேன் என்ற நிறைவும் அபாயமானது. 1998 இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்திலே "ரோய் ஸ்ரோறி 2" என்ற சித்திரப்படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ இட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதியைத் தேடினர். அது பல நாட்களாகவே ஒழுங்காகப் பதியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு பெண்மணியின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதி அவர்களைக் காப்பாற்றியது. படம் மறு ஆண்டு வெளியாயிற்று. பிரதியைத் திறந்து பார்க்காதவருக்குப் பிரதி இருக்கின்றதா இல்லையா என்பது தெரியாது. ஏடெழுதிய பழைய ஆசிரியர்கள் எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்கியபின்னரே கட்டினார்கள் அல்லவா? மாதம் ஒருமுறை ஏதாவதொரு கோப்பைக் காப்பிலிருந்து திறந்து இரண்டு பக்கம் படித்துப் பார்ப்பது அந்த ஒப்புநோக்கலின் இன்றைய வடிவம்.

திறந்தாலும் படிக்க முடியாத நிலை ஒன்று தமிழருக்கென்றே வாய்த்திருக்கின்றது. இந்நாட்டிலே பல ஆண்டுகளாகப் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வந்தோம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் பொருளின்றிச் சிதறிக் கிடக்கும். உள்ளே இருப்பது தமிழன்று. தமிழ்போலத் தோன்றும்படி வரையப்பட்ட ஆங்கில எழுத்து. யூனிகோட் முறைக்கு மாற்றினாலன்றி அது தேடலுக்கும் அகப்படாது. மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் பிழை பார்க்கும் பொறுமைதான் தேவை. நெகிழ்வட்டுகளிலும் இறுவட்டுகளிலும் இவ்வாறு உறங்கும் சிறுகதைத் தொகுதிகள் எத்தனையோ! அவற்றை வாசிக்கும் பொறிகளே அருகிவிட்டன. 1887 இலே ஓலைக்கு நேர்ந்த அவசரம் இன்று இவ்வட்டுகளுக்கு நேர்ந்திருக்கின்றது. இது கணினிப் பிரச்சினையன்று, சுவடிப் பிரச்சினை.

படி பத்திரமாய் இருந்தும் பயன்படுத்த முடியாமற் போவதுண்டு. 2023 ஒக்ரோபரில் இலண்டன் பிரித்தானிய நூலகம் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தன் எண்மத் தொகுப்புகளின் பிரதிகளை அது வைத்தேயிருந்தது. ஆனால் அவற்றை மீள இறக்கி வைப்பதற்குரிய கணினி அமைப்பே சிதைந்திருந்தமையால் வாசகர்கள் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. தனியாளாகிய நமக்கு இதில் உள்ள பாடம் சிறியது: கடவுச்சொற்களை எழுதிக் குடும்பத்தில் ஒருவரிடம் கொடுத்து வைத்தல். எழுத்தாளர் மறைந்தபின் அவருடைய கணினியைத் திறக்க முடியாமல் பிள்ளைகள் அதனை அப்படியே விற்றுவிடும் காலம் இது.

எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவது இவை எவையுமல்ல. படி கொடுக்க மறுக்கும் மனப்பான்மை. "பாட்டனார் வைத்த ஏடு, பிறர் கைக்குக் கொடோம்" என்ற வீடுகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பழைய சஞ்சிகைகளின் முழுத்தொகுதியும் தம்மிடமே உண்டு எனப் பெருமை பேசி, ஒளிப்படம் எடுக்கவும் விடாத சேகரிப்பாளர்களையும் நான் அறிவேன். களவு போய்விடும், பிறர் தம் பெயரில் வெளியிட்டுவிடுவர் என்ற அச்சத்தில் ஓரளவு நியாயமுண்டு. அவ்வாறு நடந்தும் இருக்கின்றது. ஆயினும் கறையானோடு ஒப்பிடும்போது இலக்கியக் கள்வன் எவ்வளவோ மேல். அவன் நூலையாவது மிச்சம் வைப்பான். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தின் தொண்டர்கள், பல்லாயிரம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கின்றார்கள். 1981 இல் இல்லாத வசதி இது. அவர்கள் கதவைத் தட்டும்போது அலுமாரிச் சாவியைத் தேடிக் காணாதவர்போல் நடிப்பவர்கள், மே மாதக் கூட்டத்திலே முன்வரிசையில் அமர்வதைக் காண எனக்குச் சகிக்கவில்லை.

"எல்லாவற்றையும் காப்பாற்றித்தான் என்ன? குப்பையும் சேர்ந்து பெருகும்" என்று ஒரு விமரிசக நண்பர் என்னிடம் வாதித்தார். குப்பை எது என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு, வன்தட்டுக்கு இல்லை. அவர் வேண்டாமென்பதைக் காலம் வேண்டாமெனட்டும். மோட்டாரின் பழுதைத் திறனாய்வாளராக நியமிக்க நான் சம்மதியேன்.

ஊர்தோறும் உள்ள இலக்கிய வட்டங்கள் மாதக் கூட்டத்தில் ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறை இதற்கென ஒதுக்கலாம். உரை வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் கணினியையும் ஒரு வன்தட்டையும் கொண்டுவரட்டும். உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் வந்தால் மூத்த எழுத்தாளர்களின் பாமினிக் கோப்புகளை மாற்றிக் கொடுப்பர். ஆசிரியர்கள் பிழை பார்க்கலாம். ஊருக்கு வெளியே வைக்கும் பிரதிக்கு மட்டும் வேற்றூரில் ஒரு நண்பர் தேவை. எனக்கு மட்டக்களப்பிலே ஒருவர் இருக்கின்றார். என் கோப்புகள் அடங்கிய வன்தட்டு அவருடைய அலுமாரியிலும், அவருடையது என் அலுமாரியிலும் பூட்டிய நிலையில் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கொருமுறை, யாராவது இப்பக்கமோ அப்பக்கமோ போகும்போது மாற்றிக்கொள்கின்றோம். அதில் அவருடைய அச்சேறாத நாவல் ஒன்றும் உண்டென்று கூறியிருக்கின்றார். நான் இன்னும் அதனைப் படிக்கவில்லை. படிக்க வேண்டுமென்பது எங்கள் உடன்படிக்கையில் இல்லை.